மூன்றாவது தடவை கூப்பிடும்போது

எங்கள் நைனா கோபித்துக்கொள்வதில் கெட்டிக்காரர். கும்மிடிப்பூண்டிப் பக்கத்தில் அப்பாவை நைனா என்று கூப்பிடுகிற வீடுகளில் எங்களுடையதும் ஒன்று. அவருக்கு இரும்புக் கம்பி உருட்டும் கம்பெனியில் ஷிப்ட் வேலை. அங்கே யார் என்ன சொன்னாலும் காதில் போட்டுக்கொள்ள மாட்டார். சூப்பர்வைசர் நாள் முழுக்கத் திட்டினாலும், "கத்திக்கினே இருக்கட்டும், அவன் தொண்டதானே" என்று சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வந்துவிடுவார். ஆனால் சொந்தக்காரர் வீட்டு விசேஷம் என்று ஒன்று வந்துவிட்டால் அவர் வேறு ஆள். மண்டபத்து வாசலில் கால் வைத்த நிமிடத்திலிருந்து யார் தன்னைப் பார்த்து வாங்க என்றார்கள், யார் பார்த்தும் பார்க்காதது போல் போனார்கள், பன்னீர் தெளிக்கிற பெண் தன் பக்கம் செம்பைத் திருப்பினாளா இல்லையா என்று ஒன்றுவிடாமல் கவனிப்பார்.

இதற்கென்று அவரிடம் மூன்று வார்த்தைகள் இருந்தன. சின்ன விஷயம் என்றால் 'கண்டுக்கல'. கொஞ்சம் பெரிது என்றால் 'மதிக்கல'. அதற்கும் மேலே போய்விட்டால் 'அசிங்கப்படுத்திட்டானுங்க'. கண்டுக்கல என்றால் வீட்டுக்கு வந்து இரண்டு நாள் புலம்புவதோடு சரி. அசிங்கப்படுத்திட்டானுங்க என்று வாயிலிருந்து வந்துவிட்டால் ஒரு வருஷத்துக்கு அந்த வீட்டோடு பேச்சு வார்த்தை கிடையாது. நடுவில் இருக்கிற மதிக்கலதான் அவருக்கு ரொம்பப் பிடித்தது. அதற்கு அவர் சாப்பிடாமல் வெளியே போய் உட்கார்ந்துவிடுவார்.

வெளியே உட்காருவது சாதாரண வேலை இல்லை. ரொம்ப தூரம் போய்விட்டால் ஒருத்தருக்கும் தெரியாது. வாசலிலேயே உட்கார்ந்தால் கேவலம். பைக்குகள் நிறுத்தியிருக்கும் பக்கமாக, உள்ளேயிருந்து வருகிறவர் கண்ணில் தான் படுகிற மாதிரியும், தன் கண்ணில் அவர் படாத மாதிரியும் ஓர் இடம் பார்க்க வேண்டும். நைனா அதை ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிடுவார். கால்மேல் கால் போட்டு, முழங்காலில் கைக்குட்டையை விரித்து, அடிக்காத போனைக் காதில் வைத்து, இல்லாத ஆளிடம் "ஆமாம்பா, ஆமாம்பா" என்று பேசிக்கொண்டிருப்பார்.

அப்புறம் கூப்பிட வருவார்கள். முதலில் வருவது யாராவது இளவட்டமாக இருக்கும். "மாமா, சாப்ட வாங்க." நைனா திரும்பாமலே, "எனக்குப் பசிக்கல, நீங்க போய்ச் சாப்புடுங்க" என்பார். முதல் தடவைக்கே எழுந்து போய்விட்டால் மானம் போய்விடும். கொஞ்ச நேரம் கழித்து இரண்டு பேராக வருவார்கள். அப்போதும் பசிக்கலதான், ஆனால் குரல் கொஞ்சம் இறங்கியிருக்கும். மூன்றாவது தடவை வீட்டுக்காரரே வந்து கையைப் பிடிப்பார். "இன்னா மச்சான், நீ சாப்டலன்னா எங்களுக்கு எப்டி இருக்கும்?" நைனா கையை உதறுவது போல் ஒரு ஆட்டு ஆட்டிவிட்டு எழுந்து போவார். உள்ளே போனதும் பிரியாணியை மூன்று தரம் வாங்கிச் சாப்பிடுவார். வீட்டுக்கு வந்து அம்மாவிடம், "நான் வேணான்னுதான் சொன்னேன், அவுங்க உடல" என்பார்.

நான் ஒரே பெண். இத்தனையும் அவருக்குப் பக்கத்திலேயே நின்று பார்த்தவள். மற்ற பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு ஏறுவதற்கு முன்னாலேயே எனக்கு இந்தச் சட்டம் மனப்பாடம். பசிக்கல என்றால் பசியில்லை என்று அர்த்தம் கிடையாது. இன்னொரு தடவை வந்து கூப்பிடு என்று அர்த்தம். இதில் புரியாமல் போவதற்கு என்ன இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

எனக்கு ஒன்பது வயது நடந்துகொண்டிருந்தபோது செவ்வாப்பேட்டையிலிருந்த மாமா, அம்மாவின் ஒரே அண்ணன், தன் மகளுக்கு மஞ்சள் நீராட்டு விழா வைத்தார். ஒரு காலத்தில் அவரும் அம்மாவும் ஒரே வரப்பில் நாற்று தூக்கியவர்கள்தான். அதற்கப்புறம் அவர் கம்பெனிகளுக்குக் கூலியாட்களை அனுப்புகிற காண்ட்ராக்ட் எடுத்து, வீடு கட்டி, கார் வாங்கி, மண்டபம் பிடிக்கிற ஆளாகிவிட்டார். அம்மா அதை அக்கம்பக்கத்தில் சொல்லும்போது அவள் முகம் தானே கொஞ்சம் மேலே தூக்கிக்கொள்ளும்.

எங்கள் பக்கத்தில் பத்திரிகை வைப்பதென்றால் புருஷனும் பெண்டாட்டியும் நேரில் வர வேண்டும். தட்டில் வெற்றிலை பாக்கு பழத்தோடு பத்திரிகையை வைத்து, நின்றபடி கொடுக்க வேண்டும். அதுவும் வீட்டு மாப்பிள்ளைக்கு என்றால் சொல்லவே வேண்டாம். மாமா பத்திரிகையைப் போனில் படமாக அனுப்பிவிட்டார். கூடவே, வேலை ஒரே பேஜாராக இருக்கிறது, அலைய முடியவில்லை, தப்பாக நினைத்துக்கொள்ள வேண்டாம் என்று அவர் குரலையும் அனுப்பியிருந்தார்.

நைனா அந்தப் படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்தார், சின்னதாக்கிப் பார்த்தார். பிறகு போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "போன்லதானே கூப்ட்டாரு? நானும் போன்லயே வந்துட்டேன்னு சொல்லிடு" என்றார். அவருடைய மூன்று வார்த்தைகளில் எதுவும் அன்றைக்கு வரவில்லை. விஷயம் அதையும் தாண்டிவிட்டது என்று நான் புரிந்துகொண்டேன்.

அம்மா சண்டை போடவில்லை. "எங்கண்ணன் பொண்ணுக்கு நான் ஒருத்திதான் அத்தை. நான் போவாம எப்டி?" என்று மட்டும் சொன்னாள். மாமா மகளுக்கென்று மாம்பழ நிறத்தில் ஒரு பட்டுப்புடவை எப்போதோ வாங்கி, பீரோவில் துணிகளுக்கு அடியில் வைத்திருந்தாள். அதை எடுத்து மோந்து பார்த்துவிட்டு வெயிலில் கொஞ்ச நேரம் காட்டினாள்.

எனக்கு நைனாவின் கோபத்தைப் பற்றியோ புடவையைப் பற்றியோ கவலை இல்லை. எனக்கு வேறு வேலை இருந்தது. மாமாவின் மகன், அப்போது காலேஜில் படித்துக்கொண்டிருந்தவன், பேனரில் போட எல்லாப் பிள்ளைகளின் போட்டோவும் வேண்டும் என்று கேட்டிருந்தான்.

விசேஷத்துக்கு வைக்கும் பேனரைப் பார்க்காதவர்கள் எங்கள் ஊர்ப் பக்கம் இல்லை. நடுவில் விழா நாயகி கிரீடம் வைத்துக்கொண்டு அருவிக்கு முன்னால் நிற்பாள். மேலே செத்துப்போன பெரியவர்கள் மேகத்துக்கு நடுவில் இருப்பார்கள். கீழே வட்டம் வட்டமாகச் சொந்தக்காரப் பிள்ளைகளின் முகங்களும் பெயர்களும் இருக்கும். என் வகுப்பில் ஒருத்தி இரண்டு பேனரில் வந்துவிட்டாள். அதிலிருந்து அவள் பெஞ்சில் உட்காருகிற விதமே மாறிவிட்டது. நான் ஒன்றில்கூட வந்ததில்லை.

அம்மா என்னை ஸ்டேஷனுக்குப் பக்கத்திலிருந்த ஸ்டுடியோவுக்குக் கூட்டிப்போனாள். ஸ்டுடியோக்காரர் தன் சீப்பால் என் தலையைப் படிய வாரி, மோவாயைத் தூக்கச் சொல்லி, ஐந்தாறு முறை எடுத்தார். எனக்குப் பின்னால் நீல வானம் வைத்துக் கொடுத்தார். நைனாவின் போனிலிருந்து அனுப்புகிற பேச்சுக்கே இடமில்லாததால், பக்கத்து வீட்டு அக்காவின் போனிலிருந்து அனுப்பினோம். பதிலுக்கு ஒரு கட்டைவிரல் வந்தது. அந்தக் கட்டைவிரலை நான் அக்காவிடம் கெஞ்சி நாலைந்து தடவை வாங்கிப் பார்த்தேன். மறுநாள் வகுப்பில் எல்லாரிடமும் சொல்லிவிட்டேன். இரண்டு பேனர்காரி மட்டும் நம்பவில்லை. "போட்டோ புடிச்சினு வந்து காட்டு, அப்பொறம் பாக்கலாம்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நானும் அம்மாவும் கிளம்பினோம். பேசின் பிரிட்ஜில் இறங்கி, படியேறி இறங்கி, திருவள்ளூர் வண்டி பிடித்தோம். புடவையும் வளையலும் பூவும் வைத்த கட்டைப்பையை அம்மா வழி முழுக்க மடியில்தான் வைத்திருந்தாள். இடம் இருக்கிறது, கீழே வையுங்கள் என்று எதிரே இருந்தவர் சொன்னதற்குக்கூடச் சிரித்துவிட்டு மடியிலேயே வைத்துக்கொண்டாள். நான் பேனரில் எந்த வரிசையில் இருப்பேன் என்று யோசித்துக்கொண்டே வந்தேன். நடுவில் போட்டிருந்தால் நல்லது, ஓரம் என்றாலும் பரவாயில்லை என்று பெரிய மனசு பண்ணினேன்.

மண்டபத்து வாசலில் பேனர் ஒரு மாடி உயரத்துக்கு நின்றது. அம்மா என் கையை விட்டுவிட்டு உள்ளே போனாள். நான் அண்ணாந்து நின்று இடது பக்கத்திலிருந்து ஒவ்வொரு வட்டமாகப் பார்த்தேன். மாமா வீட்டு அத்தையின் தங்கச்சி பிள்ளைகள் மூன்று பேரும் இருந்தார்கள். மாடி வீட்டுக்குக் குடிவந்தவர்களின் கைக்குழந்தை இருந்தது. மாமாவுக்கு வேலை கொடுக்கிற கம்பெனிக்காரர் கோட்டு போட்டுக்கொண்டு தனியாக, பெரிதாக இருந்தார். கடைசி வரிசையில் மாமா வீட்டு நாய் கூலிங் கிளாஸ் மாட்டிக்கொண்டு ஒரு முழு வட்டத்தில் இருந்தது, கீழே 'செல்லக்குட்டி ஜிம்மி' என்று எழுதியிருந்தது.

நான் இல்லை. இரண்டாவது தடவை வலது பக்கத்திலிருந்து தேடினேன். அப்போதும் இல்லை. வெயில் பேனரில் பட்டுக் கண் கூசியது, அதனால்தான் தெரியவில்லை என்று கையைக் குடையாக வைத்து மூன்றாவது தடவையும் தேடினேன். அம்மாவின் முகம் அதில் இருந்ததா என்று யாராவது இன்றைக்குக் கேட்டால் எனக்குத் தெரியாது. அதைத் தேட வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

மாமா மகன் வாட்டர் கேனை உருட்டிக்கொண்டு வந்தான். "என் போட்டோ எங்க?" என்று கேட்டேன்.

"அனுப்னீங்களா?" என்று ஒரு நொடி நின்றான். "டிசைன் பண்றவன் உட்டுருப்பான். எடம் பத்தல பாப்பா" என்று சொல்லிவிட்டு உருட்டிக்கொண்டே போய்விட்டான்.

நான் நைனாவின் வார்த்தைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பொருத்திப் பார்த்தேன். கண்டுக்கல இதற்குப் போதாது. நாய்க்கு இடம் இருந்திருக்கிறது. அசிங்கப்படுத்திட்டானுங்க என்று சொல்ல எனக்கு வயசு பத்தாது. மதிக்கலதான் சரியாக வந்தது. மதிக்கல என்றால் என்ன செய்ய வேண்டும் என்பது எனக்குத் தெரிந்ததுதான்.

மண்டபத்துக்குப் பக்கவாட்டில் வண்டிகள் நிறுத்தியிருந்த இடத்தில், தண்ணீர்த் தொட்டியை ஒட்டி ஒரு சிமெண்டு மேடை இருந்தது. அங்கே உட்கார்ந்தால் பக்கத்துக் கதவு வழியாக உள்ளே விழா மேடையில் பாதி தெரிந்தது. உள்ளேயிருந்து வருகிறவர்கள் என்னைப் பார்க்காமல் போகவே முடியாது. நைனா பார்த்திருந்தால் மெச்சியிருப்பார். கால்மேல் கால் போட்டேன். கைக்குட்டை இல்லாததால் பாவாடையைச் சரியாக இழுத்துவிட்டுக்கொண்டேன். போன் இல்லாதது ஒன்றுதான் குறை.

உள்ளே மைக்கில் ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டு மேடைக்கு அழைத்துக்கொண்டிருந்தார்கள். மேடையின் படிக்குக் கீழே அம்மா நலங்குத் தட்டோடு நின்றிருந்தாள். புடவையைத் தட்டில் மேலாக வைத்து, அதன்மேல் பூவை வைத்திருந்தாள். ஒரு தடவை முதல் படியில் கால் வைத்தாள். அப்போது மைக்கில் கம்பெனிக்காரர் மனைவியின் பெயரைச் சொன்னார்கள். அந்த அம்மாள் வர வழிவிட்டு அம்மா காலைக் கீழே எடுத்துக்கொண்டாள். அந்த அம்மாள் மேலே போய் மாமா மகளின் கன்னத்தில் சந்தனம் தடவினாள். எல்லாரும் கை தட்டினார்கள், அம்மாவும் தட்டைப் பிடித்திருந்த கையோடு எப்படியோ தட்டினாள். அப்புறம் யார் யாரோ ஏறினார்கள், இறங்கினார்கள். அம்மா தட்டை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டே நின்றாள். சிரித்தமுகமாகத்தான் இருந்தாள்.

பெண்ணுக்கு அத்தையானவள்தான் முதலில் நலங்கு வைக்க வேண்டும் என்கிற முறை அப்போது எனக்குத் தெரியாது. எனக்கு அம்மாமேல் ஆத்திரமாக வந்தது. பெற்ற பெண் வெளியே வெயிலில் கோபித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், இவள் உள்ளே நின்று சிரித்து, கை தட்டிக்கொண்டிருக்கிறாளே என்று பல்லைக் கடித்தேன்.

கொஞ்ச நேரத்தில் பிரியாணி வாசனை வந்தது. அண்டாவைத் திறந்துவிட்டார்கள். வண்டிகளை வரிசையாக நிறுத்திக்கொண்டிருந்த விசில்காரர், காக்கிச் சட்டை போட்ட வயசான ஆள், வியர்வையைத் துடைத்துக்கொண்டே என் பக்கம் வந்தார்.

"இன்னா பாப்பா, தனியா குந்திக்கினு கீற? சாப்டியா?"

முதல் ஆள் வந்துவிட்டார். முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, நைனாவின் குரலை அப்படியே எடுத்து, "எனக்குப் பசிக்கல. நீங்க போய்ச் சாப்புடுங்க" என்றேன்.

"சரி" என்று சொல்லிவிட்டு அவர் போய்ச் சாப்பிட்டார்.

நான் அதை ஒன்று என்று கணக்கில் வைத்துக்கொண்டேன். அடுத்தது இரண்டு பேராக வருவார்கள். விசில்காரர் உள்ளே போய் யாரிடமாவது சொல்லியிருப்பார், யார் வீட்டுப் பெண்ணோ சாப்பிட மாட்டேன் என்று உட்கார்ந்திருக்கிறது என்று சொல்லாமல் இருப்பாரா என்று நினைத்தேன். அரை மணி நேரம் கழித்து அவர் பல்லைக் குத்திக்கொண்டே திரும்பி வந்தார். என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு சிரித்துவிட்டு விசிலை வாயில் வைத்துக்கொண்டார்.

அப்புறம் மாமாவே வெளியே வந்தார். கம்பெனிக்காரரையும் அவர் மனைவியையும் காரில் ஏற்றிவிட வந்தவர். எனக்கும் அவருக்கும் நடுவில் இரண்டு பைக்குகள்தான். இரண்டாவது ஆள் வராமல் வீட்டுக்காரரே நேராக வந்துவிட்டாரே, இதை இரண்டு என்று எடுத்துக்கொள்வதா மூன்று என்று எடுத்துக்கொள்வதா என்று எனக்குக் குழப்பம். எதற்கும் இருக்கட்டும் என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். மாமா கார்க் கதவைச் சாத்தினார், குனிந்து கும்பிட்டார், கார் தெருமுனை திரும்புகிற வரைக்கும் கையை ஆட்டினார். பிறகு திரும்பி என்னைப் பார்த்தார்.

"பாப்பா, அந்தச் செருப்ப வழியில உடாத. ஓரமா தள்ளி வையி" என்றார். உள்ளே போய்விட்டார்.

நான் இறங்கி என் செருப்பை ஓரமாகத் தள்ளி வைத்துவிட்டு, மறுபடியும் ஏறி உட்கார்ந்தேன். கால்மேல் கால் போட மனசு வரவில்லை.

கோபம் அதற்கப்புறம் ரொம்ப நேரம் இருக்கவில்லை. அதைப் பிடித்து வைத்துக்கொள்ள ஆனமட்டும் பார்த்தேன், முடியவில்லை. அது போனதும் பசியும், யாரும் வர மாட்டார்கள் என்கிற நினைப்பும்தான் மிஞ்சியது. இப்போது எழுந்து நானாகப் போய்ச் சாப்பிடலாம் என்றால், போகவும் வெட்கமாக இருந்தது. நான் கோபித்துக்கொண்டதே யாருக்கும் தெரியாது, இதில் யாரைப் பார்த்து வெட்கம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. ஐஸ்கிரீம் கப்போடு பிள்ளைகள் என்னைத் தாண்டி ஓடினார்கள், பேனரில் இருந்த பிள்ளைகள்தான். அண்டாவைச் சுரண்டுகிற சத்தம் கேட்டது. வண்டிகள் ஒவ்வொன்றாகக் கிளம்பிப் போய், நான் உட்கார்ந்திருந்த பக்கம் வெறும் மண்தரையாகிவிட்டது. நான் அழுதேன். சத்தமாக அழவில்லை, சத்தம் கேட்டு வந்தால் அது கூப்பிட வந்ததாக ஆகாது.

மூன்று மணி இருக்கும், அம்மா வந்தாள். உன்னை எங்கெல்லாம் தேடுவது என்று கேட்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் அப்படி எதுவும் கேட்கவில்லை. "போலாமா?" என்றாள். கையில் கட்டைப்பை மடித்து இருந்தது. எல்லாருக்கும் கொடுத்த தேங்காய்ப் பை எங்களுக்கு எங்கே என்று கேட்க வாயெடுத்தேன், பேசினால் தோற்றுவிடுவேன் என்று விட்டுவிட்டேன். பேனரைத் தாண்டும்போது நான் தலையைக் குனிந்துகொண்டேன். அம்மாவும் நிமிர்ந்து பார்த்ததாக நினைவில்லை.

ஸ்டேஷனில் வண்டி வர நேரம் இருந்தது. பெஞ்சில் உட்கார்ந்ததும் அம்மா கேட்டாள். "சாப்டியா?"

"எனக்குப் பசிக்கல."

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். எத்தனை வருஷம் நைனாவோடு குடித்தனம் பண்ணியவள். எழுந்து போய், பேப்பரில் சுற்றி நாலு சமோசா வாங்கிவந்து எனக்குப் பக்கத்தில் வைத்தாள். "சாப்புடு" என்றாள். நான் தண்டவாளத்தைப் பார்த்தபடி பசிக்கல என்றேன். "ஆறிப்போவுது பாரு" என்று பேப்பரைப் பிரித்தாள். நான் மறுபடியும் பசிக்கல என்றேன், குரல் அதுவாகவே இறங்கிவிட்டது. அப்போது அம்மா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "இன்னாமா, நீ சாப்டலன்னா எனக்கு எப்டி இருக்கும்?" என்றாள்.

அந்தச் சட்டத்தில் ஒரு படியைக்கூட அவள் விடவில்லை. நான் அழுதுகொண்டே சாப்பிட்டேன். வாயில் சமோசாவை வைத்துக்கொண்டே, "என் போட்டோ போடல" என்றேன். அம்மா என் மூக்கைத் தன் முந்தானையால் துடைத்துவிட்டு, "எடம் பத்தல போல" என்றாள். இரண்டு சமோசா உள்ளே போனதும் எனக்கு உலகம் கொஞ்சம் தெளிவாகத் தெரிந்தது. "உனக்கு?" என்று பேப்பரை அவள் பக்கம் நகர்த்தினேன்.

"எனக்குப் பசிக்கல. நீ சாப்புடு."

மீதி இரண்டையும் நானே சாப்பிட்டேன். வண்டியில் அம்மா ஜன்னல் பக்கம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். மடித்த பையை, அதில் ஒன்றும் இல்லாதபோதும், மடியில்தான் வைத்திருந்தாள். நான் அவள் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டேன்.

வீட்டுக்கு வந்தபோது விளக்கு வைக்கிற நேரம். நைனா வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் போனை நோண்டுவது போல் குனிந்துகொண்டார். செருப்பைக் கழற்றுவதற்குள் அவருக்குப் பொறுக்கவில்லை.

"என்னிய யார்னா கேட்டாங்களா?"

"கேக்காம?" என்றாள் அம்மா. "அண்ணன் மூணு தடவ கேட்டுச்சு. மச்சான் இல்லாம மண்டபமே வெறிச்சின்னு கீதுன்னு எல்லார்கிட்டயும் சொல்லிக்கினு இருந்துச்சு."

"கேக்கட்டும், கேக்கட்டும்" என்றார் நைனா. அவர் முகத்தில் பன்னீர் தெளித்தது போல் இருந்தது. அம்மா ஏன் பொய் சொல்கிறாள் என்று நான் நிமிர்ந்து பார்த்தேன். அவள் அடுப்பைப் பற்றவைக்கப் போய்விட்டாள்.

அரிசி வெந்து, ரசம் கொதித்து, முட்டை பொரிந்தது. அம்மா நைனாவைச் சாப்பிடக் கூப்பிட்டாள். பசிக்கல என்றார். இன்னொரு தடவை கூப்பிட்டாள். மூன்றாவது தடவை கூப்பிட்டபோது எழுந்து வந்து உட்கார்ந்தார். சமோசா ஜீரணமாகிப் போயிருந்த நானும் தட்டை எடுத்துக்கொண்டு அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"ஆமா, அங்க சாப்பாடு இன்னா போட்டாங்க?" என்று கேட்டார் நைனா. கோபித்துக்கொண்டு போகாத விருந்து என்றால் அவர் கட்டாயம் கேட்கிற கேள்வி அது.

அம்மா கரண்டியோடு என்னைப் பார்த்தாள். நான் வாசனையை ஞாபகப்படுத்திக்கொண்டு, "பிரியாணி" என்றேன்.

"தொட்டுக்க?"

இந்தத் தடவை நான் அம்மாவைப் பார்த்தேன். அவள் ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, "கத்திரிக்காதான், வேற இன்னா போடுவாங்க" என்றாள். நைனா திருப்தியாகத் தலையாட்டினார். நான் மாட்டிக்கொள்ளாமல் தப்பித்தேன் என்று எனக்கு ஒரே நிம்மதி. அம்மா எதற்காக யோசித்தாள் என்று நினைத்துப் பார்க்கவில்லை.

இரண்டாவது தடவை சோறு வாங்கிக்கொள்ளும்போது நைனாவுக்குத் திடீரென்று அக்கறை வந்தது. "நீயும் ஒரு வாய் சாப்புடேன்" என்றார்.

"எனக்குப் பசிக்கல" என்றாள் அம்மா.

"சரி" என்று சொல்லிவிட்டு நைனா ரசத்தை ஊற்றிக்கொண்டார்.

அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று எங்களைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் அந்தத் தெருவிலேயே கிடையாது. நாங்கள் இரண்டு பேரும் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம்.